சட்டை விற்றவர் கொடுத்த துப்பாக்கி

தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு, கட்டுபடியாகிற விலையில் நல்ல லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் எங்கே கிடைக்கும் என்று யோசிக்கிற ஆசாமி உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். வணக்கம், நான்தான்.

தப்பு என்னுடையதில்லை, சிவகாசியுடையது. எண்பதுகளில் அங்கிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் என்று ஒரு ரேஞ்சர். வரைந்தவர்கள் இத்தாலிக்காரர்கள், சுடுவது அமெரிக்காவில், பேசுவது சுத்தமான தமிழ். விசைக்குக் கீழே இருக்கிற வளையத்தை ஒரு தள்ளு, ஒரு இழு. பக்கத்துக்குப் பத்துப் பேர் காலி. குதிரை நமக்கு வாய்க்காது, சண்முகம் ரோட்டில் கட்டிப்போட இடம் கிடையாது. ரைஃபிளாவது கிடைக்காதா?

லீவர் ஆக்‌ஷன் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. வளையத்தைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே குதிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போகும். தெருமுனை அடிபம்பு மாதிரிதான். என்ன, எங்கள் தெரு அடிபம்பு அடித்தால் எதுவுமே வெளியே வராது.

இந்த ஜாதியில் பேர்போன வின்செஸ்டர் ரைஃபிளுக்குப் பெயர் கொடுத்த ஆலிவர் வின்செஸ்டர் என்றதும், முறுக்கு மீசையும் தோளில் தோட்டா மாலையுமாக ஒருத்தரைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மனிதர் ஜவுளிக்காரர். அமெரிக்காவில் நியூ ஹேவன் என்கிற ஊரில் சட்டை ஃபேக்டரி வைத்திருந்தவர். நம்ம ரங்கநாதன் தெரு முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் பார்த்த லாபத்தை, தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கி கம்பெனியில் போட்டார். 1857இல் கம்பெனியே அவர் கைக்கு வந்துவிட்டது. துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதை அதற்கப்புறம் தெரிந்துகொண்டிருப்பார்.

மூளை முழுக்க பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற மெக்கானிக்குடையது. 1860இல் அவர் செய்த ஹென்றி ரைஃபிள்தான் எல்லாவற்றுக்கும் பாட்டன். ‘உழைப்பது நான், கொழிப்பது இவரா?’ என்று ஹென்றிக்கு மனக்குறை. முதலாளி ஐரோப்பா டூர் போயிருந்த சமயம் பார்த்து கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்தார். தகவல் கேட்டு விழுந்தடித்து ஓடிவந்த வின்செஸ்டர், 1866இல் புதுக் கம்பெனி ஆரம்பித்து, போர்டில் தன் பெயரையே பெரிசாக எழுதிப்போட்டார். சட்டை தைக்கிறவரின் காலரைப் பிடிப்பது அவ்வளவு சுலபமா?

வாங்குகிற உத்தேசம் உள்ளவர்கள் (அதாவது நான்) கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு டியூபில் வரிசை கட்டி நிற்கும். ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகில். காலை எட்டரை மணி பீச் லோக்கல் ஞாபகம் வருகிறதா? கூர்மூக்குத் தோட்டாவாக இருந்தால், சுடுகிற அதிர்ச்சியில் முன்னால் நிற்பதன் முதுகில் குத்தி டியூபுக்குள்ளேயே வெடிக்கிற ஆபத்து. அதனால் இதற்கு மழுங்கின மூக்குத் தோட்டாதான். ஜான் பிரௌனிங் என்ற நிஜமான மேதை, 1895 மாடலில் தோட்டாக்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டியில் அடுக்கிப் பிரச்னையைத் தீர்த்தார். நம்ம வீட்டுப் பெண்கள் டிஃபன் கேரியரில் எப்போதோ செய்த வேலை. பேடன்ட் வாங்கத்தான் மறந்துவிட்டார்கள்.

இந்த 1895 மாடலில் .405 என்று ஒரு ராட்சசப் பிறவி உண்டு. அதன் குண்டு ஏறக்குறைய இரண்டரை பவுன் எடை. நொடிக்கு 670 மீட்டர் பாயும். அதே உதையைக் கொஞ்சம் பின்னாலும் கொடுக்கும். தோளில் பதிகிற இடத்தில் மெத்தையா இருந்தது? இரும்புத் தகடு! முதலில் அடி வாங்குவது சுட்டவர், அப்புறம்தான் சிங்கம்.

அதனாலெல்லாம் தியோடர் ரூஸ்வெல்ட் பயப்படவில்லை. 1909இல் அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கினவர், ரிட்டயர் ஆன மனிதராக லட்சணமாக வாக்கிங் போகாமல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். .405ஐச் சிங்கத்துக்கு ‘மருந்து’ என்று கொண்டாடினார். அப்பாவும் மகன் கெர்மிட்டுமாகச் சேர்ந்து அந்த மருந்தையும் வேறு சில மருந்துகளையும் 512 ஜீவன்களுக்குப் புகட்டினார்கள். எல்லாம் மியூசியத்துக்காகவாம். 1902இல் கட்டிப்போட்ட ஒரு கரடியைச் சுட மாட்டேன் என்று மறுத்து, டெடி பேர் பொம்மைக்குப் பெயர் கொடுத்தவரும் இவரேதான். கரடிக்கு வாங்கின நல்ல பெயரை வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரிடமும் வசூல் பண்ணிவிட்டார்.

நம்ம பக்கத்தில் .405 என்றால் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர், 1910இல் பிறந்தவர், விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். லீவு கிடைத்தால் தர்மபுரி, சேலம் பக்கத்துக் காடுகள். இவரைப் பற்றிப் பெரிய பெரிய பிம்பங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது ஜவளகிரி சம்பவம்தான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஆட்கொல்லிப் பெண்புலி. ஆண்டர்சன் என்னென்னவோ செய்து பார்த்தும் அகப்படவில்லை. கடைசியில் அது ஜோடி தேடிக் குரல் கொடுக்கிறது. மனிதர் என்ன செய்தார்? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆண் புலி மாதிரி பதில் குரல் கொடுத்தார்! சற்றே நினைத்துப் பாருங்கள். சம்பளம் வாங்குகிற ஒரு ஆபீசர், நடுக்காட்டில் மரத்தடியில் பதுங்கி, பெண்புலிக்கு லவ் டயலாக் பேசுகிறார். புலி நம்பிவிட்டது. ஆசையாக வந்தது. அத்தனை மிமிக்ரிக்கும் பின்னால் ரைஃபிள் செய்த வேலை ஒரு நொடி.

நம் ஊரில் ஃபேக் ஐடி வைத்து ஏமாற்றுகிறவர்களுக்கு இவர்தான் முன்னோடி என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் அப்படி ஏமாற்றிக் கொன்றதில் மனிதருக்கே உறுத்தல். எழுதியும் வைத்திருக்கிறார். பிற்பாடு துப்பாக்கியைவிடக் கேமராவே மேல் என்ற பக்கம் போய்விட்டார். கேமரா தோளில் உதைக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், இது என் சொந்த ஊகம்.

சென்னைத் துரைமார்களுக்கு ஜவளகிரி வரைக்கும் போக முடியுமா? கிண்டிக் காடு இருந்ததே. 1821இல் கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து அரசாங்கம் அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. இன்றைக்கு அந்தப் பணத்துக்கு அதே கிண்டியில் இரண்டு மாத வாடகை தேறினால் ஜாக்பாட். பரங்கிமலைப் பக்கம் செங்கோட்டும் வேட்டை நாய்களுமாக நரி விரட்டின கூட்டமும் உண்டு. இங்கிலாந்தில் விரட்டுகிற செந்நரி இங்கே கிடையாதே? அதனாலென்ன, நம்ம ஊர் நரியையே விரட்டினார்கள். சிவபெருமான் நரியைப் பரியாக்கினார். இவர்கள் பரியை நரிக்குப் பின்னால் அனுப்பினார்கள், அதுவும் மெட்ராஸ் வெயிலில், கம்பளிக் கோட்டோடு. சிவபெருமானே சிரித்திருப்பார்.

சரி, என் விஷயத்துக்கு வருவோம். தாம்பரத்துக்கு 2022 முதல் தனி போலீஸ் கமிஷனரேட். அங்கே கொடுக்க வேண்டிய லைசென்ஸ் மனுவில் ‘எதற்காகத் துப்பாக்கி?’ என்றொரு கேள்வி. வேட்டை என்று எழுதினால் 1972 வன உயிரினச் சட்டம் என்னையே வேட்டையாடும். பயிர்ப் பாதுகாப்பு? மொட்டைமாடியில் நாலு கத்தரிச் செடி இருக்கிறது, எதிரி ஒரு அணில். ‘டெக்ஸ் வில்லர்’ என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அமெரிக்காவில் லீவர் ஆக்‌ஷன் என்பது பண்ணைக்காரர் ஜீப்பில் போட்டுவைக்கிற சாதாரண சாமான். பிரேசிலிலிருந்து ரோஸி என்று மலிவுப் பதிப்புகூட வருகிறது. நமக்கோ எண்பதுகளிலேயே தனியார் இறக்குமதிக்குத் தாழ்ப்பாள். தாத்தா காலத்து வின்செஸ்டர் லைசென்ஸோடு கைமாறினால்தான் உண்டு, அதுவும் அபூர்வ விலையில். நம்ம சர்க்கார் தொழிற்சாலை .315 தருகிறது, ஆனால் அது போல்ட் ஆக்‌ஷன், வளையம் கிடையாது. வளையம் இல்லாமல் என்ன டெக்ஸ்?

எதற்கும் இருக்கட்டும் என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். மிக்ஸி மூடியிலிருந்து மீன் தொட்டி வரை எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30ஆம் தேதி, அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல்காரர் சரளைக் குழியில் குனிந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்துக்கே அதுதான் முதல் சாட்சி. லைசென்ஸ் வேண்டாம், தோட்டா வேண்டாம், தோளில் உதைக்காது. நான் லட்சம் வருஷம் லேட்.

விதிப்படி .177 அளவுக்குள், 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்குவதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்று பெசன்ட் நகர் பீச் பலூன் கடையில் நின்றேன். குழலை மடக்கி ‘க்ளிக்’ என்று நிமிர்த்தினேன். என்ன இருந்தாலும் அதுவும் ஒரு லீவர்தான். டெக்ஸ் மாதிரியே ஒரு கண்ணைச் சுருக்கி, பத்து ஷாட். பத்தும் வங்காள விரிகுடாவுக்கு.

கடைப் பையன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டே சொன்னான்: “சார், நீங்க மூடுனது தப்புக் கண்ணு.”