சல்லிசுக்குப் பிறந்தவர்

"என்ன வெல இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்?"

கேள்வி முடிவதற்குள் அந்த உருளை உங்கள் கைக்கு வந்திருக்கும். நீங்கள் போனது கல்யாணப் பத்திரிகை வைக்க. தாம்பாளத்தை மனைவியிடம் தள்ளிவிட்டு, ஐந்து கிலோ இரும்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு வெள்ளை வேட்டியில் இறங்குகிறது. அவர் இடுப்பில் கை வைத்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விலை சொன்னால்தான் உள்ளிருந்து காபி வரும்.

கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. கார் நிற்க வேண்டிய போர்ட்டிகோவில் நாலரை அடி லேத் நிற்கும். கார் தெருவில் வெயில் காயும். யாரையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. என் சகலை வீட்டிலும் லேத் இருக்கிறது என்றால் அது தற்செயல்.

பதில் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அவர் 200 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் நீங்கள் 500 சொல்ல வேண்டும். "எறநூறு!" என்று அவர் விரல் இரண்டை நீட்டும்போது வாயைத் திறந்து, ஒரு நொடி விட்டு மூட வேண்டும். 350 சொன்னால், "பரவால்லீங்க, வெவரந்தான்" என்று பாதிச் சந்தோஷத்தோடு விடுவார். 2,000 சொன்னால் கிண்டல் என்று கண்டுபிடித்துவிடுவார். 180 சொன்னவர்களை அந்த வீட்டில் அப்புறம் யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று நழுவ முடியாது. "சரி, வெலய விடுங்க. எடை சொல்லுங்க" என்பார். தெரியாது என்றால் கணக்கு வரும். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் இரும்பு உருட்டுக் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர்கள் நாளெல்லாம் போடுகிற கணக்குதான். 50 மில்லி கம்பி என்றால் 2,500ஐ வகுத்து மீட்டருக்குப் பதினைந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் அடித் துண்டு 4.7 கிலோ. பழைய இரும்புக் கடையில் கிலோ 45 ரூபாய் என்றால் 212. புதுக்கம்பி கிலோ 80 என்றால் 376. மிச்சம் 164 ரூபாய். இதை அவர் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டியால் போட்டுக் காட்டுவார். வெள்ளையடித்த சுவர். அந்தக் கணக்கும் இதில் சேராது.

சேராதவை இன்னும் உண்டு. வடவள்ளியிலிருந்து உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய்வரப் பெட்ரோல். எக்ஸெல் வண்டியில் ஏற்றி இறக்கியதால் பிடித்துக்கொண்ட இடுப்புக்குத் தைலம். லேத்தின் ஸ்பிண்டில் ஓட்டை 38 மில்லிதான், கம்பி அதற்குள் நுழையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வருவதால், பவர் ஆக்ஸா வைத்திருப்பவரிடம் கட்டிங் கூலி. கடைசியில் ஒரு கார்பைடு டிப். அது எப்படியும் உடையும். ஏனென்றால் அது என்ன இரும்பு என்று யாருக்கும் தெரியாது.

இரும்பு வியாபாரிகள் கம்பியின் ஒரு முனையில் ரகத்துக்கு ஒரு நிறம் பூசி வைத்திருப்பார்கள். சல்லிசாகக் கிடைக்கும் துண்டில் அந்த நிறம் பூசிய முனை மட்டும் இருக்காது. ஆகவே இவர் சோதனை செய்வார். சட்டைப் பையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் எந்நேரமும் இருக்கும். ஒட்டாவிட்டால் எவர்சில்வர், அதுவும் 304 என்று முடிவு கட்டிவிடுவார். மாங்கனீசு கூட்டிச் செய்கிற 202ம் காந்தத்தில் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் விலை பேசும் நேரத்தில் அது நினைவுக்கு வராது. அதே பையில் வைத்திருந்த ஏ.டி.எம். அட்டையை மெஷின் படிக்க மறுத்ததற்கு இன்றுவரை பேங்க்கைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பொறி சோதனை. கடைக்காரரின் கிரைண்டரிலேயே துண்டை வைத்துத் தீப்பொறி பறக்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பொறி நீளமாகப் போய் அதிகம் கிளைக்காவிட்டால் மைல்டு ஸ்டீல். கார்பன் ஏற ஏறப் பூப்பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பு என்றால் குட்டையாகச் சிவந்து அடங்கிவிடும். இதெல்லாம் உண்மையான வித்தைதான், டூல் ரூமில் பழகியவர்களுக்குக் கைவரும். ஆனால் உக்கடத்தில் நடுமத்தியான வெயிலில் நின்று பார்த்தால் எல்லாப் பொறியும் ஒன்றுதான்.

"ஏனுங் பாய், இது ஈ.என்.8ங்களா, ஈ.என்.24ங்களா?"

பாய் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "இரும்பு சார்."

இந்தப் பதிலில் மனம் நிறைந்து, ஈ.என்.24 என்று சாக்பீஸால் எழுதி எடுத்துவருவார். எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் பாயின் முழங்கையைப் பார்ப்பார். ஐம்பது கிராம் தள்ளுபடிக்காகக் கால் மணி நேரம் பேசுவார். தள்ளுபடி கிடைத்துவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் கடைப் பையனுக்கு டீயும் வடையும் வாங்கித்தருவார். அது இருபத்தைந்து ரூபாய்.

அப்புறம் அந்தக் கேள்வி தொடங்கும். பால்காரர், கேஸ் போட வந்தவர், மின்கணக்கு எடுக்க வந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லை. யு.கே.ஜி. படிக்கிற பேத்தி நன்றாகத் தேறிவிட்டாள். எதைக் கையில் கொடுத்தாலும் "ஆயிரம் ரூபா தாத்தா!" என்பாள், மிட்டாய் கிடைக்கும். அவர் வீட்டம்மா வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார். கேள்வி வரும்போதே, "உங்களுக்கு யாரு இவ்வளவு கொறச்சுக் குடுத்தாங்க?" என்று விடையைக் கேள்விக்கு முன்னால் வைத்துவிடுவார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் வந்த ஞானம்.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் இவர் விலை கேட்கமாட்டார். மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் தண்டவாளத் துண்டு. பட்டறைக்கல்லாக வைத்துக்கொள்ள அதைவிடத் தோதானது கிடையாது. ஆனால் ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினால், "காபி ஆறுதுங்க" என்பார்.

கேள்வி ஒரே ஒரு தடவை திருப்பி அடித்தது. பெண் பார்க்க வந்திருந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணும் பையனும் பேசி முடித்து, பெரியவர்கள் நாள் பார்க்கலாமா என்று தொண்டையைச் செருமும் நேரம். இவருக்குக் கை பரபரத்தது. உள்ளே போய் ஒரு மஞ்சள் உருளையை எடுத்துவந்து பையனின் அப்பா மடியில் வைத்தார். "கன்மெட்டலுங்க. என்ன வெல இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்?"

அந்த மனிதருக்குப் பவுண்டரி. தலைமுறை தலைமுறையாக உலை வைக்கிற குடும்பம். உருளையைக் கையில் ஒரு தடவை ஏந்தினார். பையிலிருந்து சாவியை எடுத்து ஓரத்தில் ஒரு கீறு கீறினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கன்மெட்டல்னா உள்ள செவப்புத் தெரியோணுமுங்க. இது பித்தளை" என்று சொல்லி, அன்றைய பித்தளைக் கழிவின் விலையைப் பைசா சுத்தமாகச் சொன்னார். அது இவர் கொடுத்ததைவிடக் குறைவு.

ஹாலில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். கல்யாணம் என்னவோ நடந்தது. பையன் தங்கமான பையன். ஆனால் சம்பந்தி வருகிற அன்று போர்ட்டிகோவில் உள்ள அத்தனை உருப்படிக்கும் தார்ப்பாய் போட்டு மூடுவது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது.

மற்ற வழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டிலுக்கடியில் தகடு. பரணில் அலுமினியம், அதுதான் எடை குறைவு என்ற கருணையால். ஆயுத பூஜையன்று ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார், பொரி கடலை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கிடைக்கும். யாராவது இது எதற்கு என்று கேட்டால் ஜி.டி. நாயுடுவை இழுப்பார். "நாயுடு என்ன, புது இரும்பு வாங்கியா எல்லாம் செஞ்சாரு?" நாயுடு 1937இல் இந்த ஊரில் மோட்டாரைச் செய்தே முடித்தார் என்று நான் சொல்வதில்லை.

சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள் இவை. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

கணபதிப் பக்கம் ஒரு பட்டறையை மூடுகிறார்கள், ராக்கோடு இரும்பு வருகிறது என்று சேதி வந்து, என் கார் டிக்கிக்காக என்னையும் இழுத்துப்போனார். ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிற சின்னப் பட்டறை. அப்பா தொடங்கி மகன் நடத்தியது. மூலப்பொருள் விலையை எதிர்த்து 2021இலும் மின்கட்டணத்தை எதிர்த்து 2023இலும் ஊரோடு சேர்ந்து ஷட்டரை இறக்கியவர்களில் ஒருவர். கூலி வேலைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டதற்கும் 2019இல் அதை 12 ஆக்கியதற்கும் நடுவில் போன ஆர்டர்கள் திரும்பி வரவேயில்லை என்று சொன்னார். அழவெல்லாம் இல்லை, மழை பெய்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். ராக்கில் கம்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நிறம் பூசிய முனை அப்படியே இருந்தது. சகலைக்கு வாழ்நாளில் கிடைக்காத சரக்கு. காந்தம் வேண்டாம், பொறி வேண்டாம்.

"கிலோ அம்பது குடுங்ணா" என்றார் அவர்.

இவர் ஒரு கம்பியை எடுத்தார். துரு என்றார். நீளம் பத்தாது என்றார். இந்த அளவு இப்போது ஓடுவதில்லை என்றார். ஓடாத அளவைத் தேடி இவர் எத்தனை நாள் உக்கடம் அலைந்தார் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் 42க்கு முடித்தார். மொத்தம் 110 கிலோ. அந்த மனிதர் பேசாமல் பணத்தை வாங்கி, எண்ணிப் பார்க்காமல் மேசை டிராயரில் போட்டார். எட்டு ரூபாய் வீதம் 880 ரூபாய். இவருக்குப் பென்ஷன் வருகிறது, வீட்டு வாடகை வருகிறது, மகள் கல்யாணம் ஆகிவிட்டது. உக்கடத்தில் பேசுகிற பேரத்தை அங்கே பேசியிருக்கக் கூடாது. பாய்க்கு அது வியாபாரம், இவரைப் போல நாளைக்கு நூறு பேரைப் பார்ப்பார். ராக்கை விற்றவருக்கு அன்று ஒருவர்தான் வந்திருந்தார்.

திரும்பும்போது ஆம்னி பஸ் ஸ்டாண்டு சிக்னலில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். சரக்கைப் பார்த்தது நான், விலை பேசியபோது பக்கத்தில் நின்றதும் நான். ஆனாலும் கேட்டார். பச்சை விழுந்துவிட்டது என்று சொல்லி வண்டியை எடுத்தேன். என் காரின் பின் ஸ்பிரிங் அன்றைக்கு உட்கார்ந்ததுதான். அது தனி.

சரி, இவ்வளவு இரும்பும் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு ஸ்லைடிங் கேட்டின் சக்கரத்துக்கு ஒரு பின் தேவைப்பட்டது. 20 மில்லி விட்டம், மூன்று அங்குல நீளம். லேத்துக்குப் பத்து நிமிஷ வேலை. சகலையிடம் சொன்னதும் உடனே எழுந்துவிட்டார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது, தெருவில் யார் வீட்டு எது உடைந்தாலும் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வருகிற மனிதர், கூலி வாங்கமாட்டார்.

போர்ட்டிகோவில் தேடினோம். 20 மில்லியில் ஒன்று அகப்பட்டது. "இது ஈ.என்.24ங்க. கேட்டு ஓட்டறதுக்கு இதப் போடறதா?" என்று பதறித் திருப்பி வைத்தார். இன்னொன்று எவர்சில்வர், அது வீண். பளபளவென்று ஒன்று ஹைட்ராலிக் ராடு. மேலே குரோம் பூச்சு, டூலைத் தின்றுவிடும். கணபதி ராக்கிலிருந்து வந்த கம்பி ஒன்று சரியான விட்டத்தில், சாதாரண மைல்டு ஸ்டீலாகவே, முனையில் நிறத்தோடு கிடந்தது. நான் கையை நீட்டினேன்.

"முழு நீளமுங்க அது. வெட்டினா நீளம் போயிருமுங்க."

எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பழைய இரும்புக் கடைக்கு அல்ல, பில் போடுகிற கடைக்கு. மூன்று அங்குலம் தரமாட்டார்கள் என்று ஓர் அடியாக வாங்கிவந்தார். அரை மணி நேரத்தில் பின் தயார். அதைக் குறை சொல்ல வாய் வராது. அளவு அப்படிப் பொருந்தியது, கேட்டைப் பேத்தி ஒரு கையால் தள்ளுகிறாள். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரும்புக்கான பில்லை மட்டும் என் கையில் வைத்தார். புது விலை, மேலே ஜி.எஸ்.டி. பணம் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த ஒன்பது அங்குலத் துண்டைக் கேட்டேன்.

"அது கெடக்கட்டுமுங்க. எதுக்காச்சு ஆகும்."