யூனிட் அண்ணன்

காலை ஆறரைக்கு உத்திரமேரூர் பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடை வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றால், உள்ளே மின்சாரக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்எல்லில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அவசரத்துக்கு இருக்கட்டுமென்று பைக்குள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் இருக்கும். வண்டிக்காரர் பெஞ்சில் சம்மணம் போட்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக, நெக்ஸானையும் கிரெட்டாவையும் மோத விட்டுக்கொண்டிருப்பார்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வைத்த பெயர் யூனிட் அண்ணன். காரணம் இருக்கிறது. கார் கம்பெனிகள் பேட்டரியின் அளவைக் கிலோவாட் ஹவர் என்று சொல்லி ஆளை மிரட்டுகின்றன. இவர் ஒரே வார்த்தையில் அதன் மீசையை எடுத்துவிடுவார். “ஒரு கிலோவாட் ஹவர்னா இன்னா? உன் வூட்டு மீட்டர்ல ஓடுற ஒரு யூனிட்டு. அவ்ளோதான்.” அன்றிலிருந்து நெக்ஸான் 45 யூனிட், விண்ட்சர் 38 யூனிட், மகிந்திரா பிஇ 6 பெரிய பேட்டரி 79 யூனிட் என்று டீக்கடைக்கே மனப்பாடம்.

இந்த இனம் இப்போது ஊருக்கு ஒன்று உண்டு. முன்பு அம்பாசிடரா ஃபியட்டா என்று பேசின வம்சம்தான். பிறகு ஸ்ப்ளெண்டருக்கும் பேஷனுக்கும் பஞ்சாயத்து பண்ணியது. இவர்களை அடையாளம் காண எளிய வழி: இவர்களிடம் அந்த வண்டி இருக்காது. வாங்கினவன் ஒப்பிட மாட்டான், தவணை கட்டுவான்.

யூனிட் அண்ணனுக்கு எல்லா வண்டியும் சொந்த பந்தம். கிரெட்டா எலக்ட்ரிக் 2025 ஜனவரியில் வந்தபோது, “நம்ம ஜில்லாப் பொண்ணுய்யா அது” என்றார். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் பிறந்ததாம். மகிந்திராவைக் குறை சொன்னாலும் அவருக்குக் கோபம் வரும். அவர்களுடைய ஆராய்ச்சிக் கூடம் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது, சோதனை ஓடுதளம் செய்யாறு பக்கம். உடம்பெல்லாம் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி மூடின வண்டி ஒன்று அதிகாலையில் நம்ம ஊரைத் தாண்டிப் போனதைத் தாம் மட்டும் பார்த்ததாக மூன்று வருஷமாகச் சொல்கிறார். வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் தொழிற்சாலை திறந்ததும் வியட்நாமும் உறவாகிவிட்டது.

உறவு என்பதற்காகத் தீர்ப்பில் சலுகை கிடையாது. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது ஒரு புதுத் திட்டமும் கூடவே வந்தது. காருக்கு 9.99 லட்சம், பேட்டரிக்குத் தனியாகக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை. டீக்கடை இதை ஒரு வாரம் அலசியது. கடைசியில் அண்ணன் சொன்னார்: “மாட்டை வெலைக்கு வாங்கிக்கினு மடிக்கு வாடகை கொடுக்கச் சொல்றான்.” மறுநாள் காலையே கணக்கெழுதின ஒரு காகிதத்தோடு வந்து, கடனுக்கு வட்டி கட்டுகிறவனுக்கு அது ஒன்றும் மோசமில்லை என்று தம் தீர்ப்பைத் தாமே மாற்றிக்கொண்டார். தம்மையே எதிர்த்து வாதாடும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பொழுதும் இரண்டு மடங்கு போகும்.

சார்ஜிங் விஷயத்துக்கு வந்தால்தான் அவர் குரல் ஏறும். சென்னை–பெங்களூரு சாலை ஒரு பக்கம், சென்னை–திருச்சி சாலை இன்னொரு பக்கம். நடுவில் நம்ம ஊர். எந்தப் பக்கம் போனாலும் முப்பது கிலோமீட்டர் அளவில் தள்ளித்தான் பெரிய சாலை. போனில் வரைபடத்தை விரித்தால் இரண்டு சாலையிலும் பச்சைப் புள்ளிகள் கதம்பம் கட்டினாற்போல் இருக்கும். டாடா பவர், ஸ்டேட்டிக், சார்ஜ்ஸோன், கோயம்புத்தூர்க்காரர்களின் ஸீயான், ஜியோ-பிபி, அப்புறம் பெட்ரோல் கம்பெனிகள். திருச்சி சாலையில் பாரத் பெட்ரோலியம் 2022-லேயே மதுரை வரைக்கும் பங்குகளில் வேக சார்ஜர் வைத்துவிட்டது.

“அமெரிக்காவுல சண்டை பிளக்குல வந்துச்சு” என்று ஆரம்பிப்பார். டெஸ்லாவுக்கு ஒரு பிளக், மற்றவர்களுக்கு வேறு பிளக். 2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக்கை ஊருக்கே திறந்துவிட, அடுத்த மே மாதம் ஃபோர்டு போய் ஒட்டிக்கொள்ள, பிறகு ஒவ்வொருவராகப் பின்னாலேயே வரிசை கட்டினார்கள். “இங்க பிளக்குல சண்டை கிடையாது. எல்லா பெரிய வண்டிக்கும் சிசிஎஸ் டூ. இங்க வந்து நின்ன டெஸ்லாவுக்கும் அதான். நம்ம சண்டை ஆப்புல.” உண்மைதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆப், அதில் முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கத் தனி வாலட். அண்ணன் ஒப்பீட்டுக்காக ஐந்து ஆப் இறக்கி, ஐந்திலும் இருநூறு முந்நூறு என்று போட்டு வைத்திருக்கிறார். அவரிடம் கார் இல்லை. காருக்கு ஊட்ட 1,100 ரூபாய் இருக்கிறது.

வேக சார்ஜர் எண்பது பர்சென்ட்டுக்கு மேல் ஏன் சோம்பிப் போகிறது என்று கேட்டால், நெல் மூட்டையைக் காட்டுவார். முக்கால் மூட்டை சரசரவென்று விழும். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கித்தான் அடைக்க வேண்டும். வீட்டு சார்ஜருக்கு வேறு உதாரணம்: “பாஞ்சு ஆம்பியர் பிளக்குல சொருகினா மணிக்கு மூணு யூனிட் ஏறும். ஏறக்குறைய நாலு ஹெச்பி மோட்டார் ராத்திரி பூரா ஓடற கணக்கு.” கழனி வைத்திருப்பவனுக்கு இதைவிடத் தெளிவாக எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா, அதிலேயே கார் ஓட்டலாமா என்று ஒரு பையன் கேட்டான். 38 யூனிட் பேட்டரியை இரண்டரைத் தடவை நிரப்பினால் இலவசம் தீர்ந்தது, அப்புறம் ஃபேன், மிக்ஸி, உங்கம்மா பார்க்கும் சீரியல் எல்லாம் காசுக்குத்தான் என்றார். பையன் விடவில்லை: “அப்போ பம்புசெட்டு லைன்ல சொருகினா?”

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அது பயிருக்குக் கொடுத்தது. கார்ல சொருகினா திருட்டு. நானே வந்து ஃபியூஸைப் புடுங்குவேன்.” ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. கட்டிங் பிளேயர் இன்னும் சட்டைப் பைக்குள்தான்.

எல்லோரும் ஒப்பிடுவார்கள். ஆனால் உத்திரமேரூர்க்காரருக்கு ஒரு கூடுதல் திமிர் உண்டு: தேர்வு முறையே நம்முடையது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் வெட்டினவை. ஊர்ச் சபைக்கு ஆளெடுக்கக் குடத்தில் போட்டுக் குலுக்கும் குடவோலையில் யார் பெயர் எழுதலாம், யார் பெயர் எழுதக் கூடாது என்று அங்குலம் அங்குலமாகச் சொல்லியிருக்கிறது. வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு. அண்ணன் இந்த மூன்றாவது விதியில்தான் விழுந்து வணங்குவார். “சொந்த மனையில வூடு! ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டான்யா. மெட்ராஸ்ல ஃப்ளாட்டுல இருக்கறவன் பார்க்கிங்ல ஒரு பிளக் பாயிண்ட் போட அசோசியேஷன் கிட்ட மனு எழுதிக்கினு இருக்கான். கரண்ட் கார் ஓட்ட மொத தகுதியே அதான்.”

கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. அவனுக்கு மட்டுமல்ல, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லோருக்கும் தடை. நெக்ஸானுக்கு 489, பிஇ 6-க்கு 680-க்கு மேல் என்று விளம்பரத்தில் வரும் கிலோமீட்டர் எல்லாம் உருளைமேல் ஓட்டிப் பார்த்த பரிசோதனைக் கணக்கு. ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, சித்திரை வெயிலில் செங்கல்பட்டு போனால் அந்த எண் வேறு. “கணக்கு காட்டச் சொல்லு. காட்டலைன்னா அந்தக் கம்பெனியோட அண்ணன் தம்பி வண்டியும் அவுட்டு” என்பார். இந்த விதிப்படி பார்த்தால் நாட்டில் ஒரு கம்பெனியும் மிஞ்சாது. அது அவருக்கு வசதி.

ஒருநாள் பையன்கள் பொறுமை இழந்தார்கள். பன்னிரண்டு துண்டுச் சீட்டில் பன்னிரண்டு கார் பெயர் எழுதி, காலி பிஸ்கட் பாட்டிலில் போட்டுக் குலுக்கினார்கள். முறைப்படி விவரம் தெரியாத சிறுவன் எடுக்க வேண்டும் என்று அண்ணனே திருத்தம் சொன்னார். டீக்கடைக்காரரின் பேரன் கைவிட்டு எடுத்தான். சீட்டில் ‘டிவிஎஸ் எக்ஸ்எல்’ என்றிருந்தது. எவன் எழுதிப் போட்டானோ. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அதன் மைலேஜைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

போன சித்திரையில் எங்கள் எதிர்வீட்டு மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து புது மின்சாரக் காரில் வந்தார். எந்தக் கம்பெனி என்பதைச் சொல்வதாக இல்லை. வழியில் ஓரிடத்தில் நிறுத்தினாராம். கன் இருந்தது, கரண்ட் இல்லை. அடுத்த இடத்தில் கரண்ட் இருந்தது. ஆப் வேறு, ஓடிபி வரவில்லை. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, மனைவியின் மௌனத்தையும் சுமந்துகொண்டு ஒன்பது பர்சென்ட்டில் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் எக்ஸ்எல்லில் பறந்து வந்தார்.

“வாங்க மாப்ள. ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? எங்கிட்ட அஞ்சு வாலட்ல ஆயிரத்து நூறு ரூபா சும்மா கெடக்குதே!”

மாப்பிள்ளை அவரை வெறித்துப் பார்த்தார்.

திண்ணையோரம் கிரைண்டருக்குப் போட்ட பதினைந்து ஆம்பியர் பாயிண்ட்டில் காரோடு வந்த சார்ஜரைச் சொருகினார்கள். சிவப்பு விளக்கு. கழற்றிச் சொருகினார்கள். மறுபடி சிவப்பு. கஸ்டமர் கேருக்குப் போன் போனது. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. அதுவரை நான் பார்த்திராத யூனிட் அண்ணனை அப்போதுதான் பார்த்தேன். பேச்சு நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். துளசி மாடத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து மண்ணைத் தள்ளினார். உள்ளே ஒரு துருப்பிடித்த குழாய்.

“இந்த வூட்டுக்கு சர்வீஸ் குடுத்தப்போ நான்தான் நின்னு எர்த் போட வெச்சேன். உப்பும் கரியும் கொட்டி மூடினது. வெயில்ல காஞ்சி கெடக்குது. எர்த் இல்லாம அந்த வண்டி கரண்டை வாயில வெக்காது. அக்கா, ஒரு குடம் தண்ணி குடுங்க.”

ஒரு குடம் ஊற்றினார். மண் சுர்ரென்று குடித்தது. இரண்டாவது, மூன்றாவது. உத்திரமேரூரில் கடைசியில் எல்லாம் குடத்தில் வந்துதான் முடியும் போலிருக்கிறது. கால் மணி நேரம் கழித்துச் சொருகினால் பச்சை. நாளைக்குப் புதுசாக எர்த் போட்டுவிட வேண்டும் என்று எச்சரித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு அண்ணன் பழையபடி ஆனார்: இந்த வண்டியின் பேட்டரிக்கும் போட்டி வண்டியின் பேட்டரிக்கும் உள்ள வித்தியாசம் பற்றி அரை மணி நேரம்.

மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. “நீங்க எப்போண்ணா வாங்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டார்.

“சாலிட் ஸ்டேட் பேட்டரி வரட்டும் மாப்ள. இப்போ வாங்கறவன் ஏமாளி” என்றவர், கேட்டவர் யாரென்று நினைவு வந்து, “பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு வேற வழி இல்ல” என்று திருத்திக்கொண்டார்.

வெளியே வந்து எக்ஸ்எல்லை உதைத்தார். ஓடவில்லை. மஞ்சள் பைக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்து ஆட்டினார், காலி. வண்டியைப் பக்கவாட்டில் தரை வரைக்கும் சாய்த்து, டேங்கில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“பயம் இல்ல. இன்னும் ஒம்போது பர்சென்ட் இருக்குது.”