வீட்டுக் காவலுக்கு முதல்ல வீடு வேணும், மருமவனே

சின்னக் குத்தத்துக்கெல்லாம் செயிலு எதுக்கு, வீட்டுலேயே வெச்சாப் போதும்னு கும்பகோணம் கோர்ட்டு வாசல்ல நீ பேசுனது நம்மூரு டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு, மருமவனே. நல்ல பேச்சுதான். கனடாவுல 1996லேருந்தே அப்படியாம். ரெண்டு வருசத்துக்குக் கொறஞ்ச தண்டனைன்னா, நிபந்தனை போட்டு வீட்டோட கழிக்க விடுறாங்களாம்.

நம்ம வாய்க்காங்கரையில எப்படிப் பண்ணுவ? ஒத்தை அறை, மேல கீத்து, உள்ள ஆறு பேரு. ஒருத்தனை உள்ள அடைச்சா, அவனுக்குக் காத்து வர மத்த அஞ்சு பேரும் வெளியில படுக்கணும். அவன் வேலைக்குப் போவாட்டி கஞ்சி யாரு ஊத்துறது, நீயா? செயில்லயாச்சும் சோறு உண்டு.

நம்ம நாட்டுல நடந்ததையும் கேட்டுக்க. மனித உரிமைக்காரரு கௌதம் நவ்லகா வழக்குல 2021 மே மாசம் உச்ச நீதிமன்றம், தண்டனை பெத்தவங்களுக்கும் வீட்டுக் காவல் வைக்குறதப் பத்தி நாடாளுமன்றம் யோசிக்கலாம்னு சொல்லுச்சு. மறு வருசம் நவம்பர்ல, விசாரணைக் கைதியா இருந்த அவருக்கே வீட்டுக் காவல் கெடைச்சுது. வாசல்ல நின்ன போலீசுக்குச் செலவு அவரு தலையில. என்ஐஏ நீட்டுன கணக்கு 1.64 கோடி. 2024 மே மாசம் ஜாமீன் குடுக்கையில, 20 லட்சத்தை எடுத்து வைன்னாங்க. அந்தக் காலத்துல மிராசுதாரு வீட்டு வாசல்லதான் காவக்காரன் நிப்பான். நீ கேக்குற சட்டம் வந்தா மறுபடியும் அங்கதான் போயி நிப்பான்.

புதுசு புதுசா கேக்குறியே, கையில இருக்குறதப் பாத்தியா? 1958லயே நன்னடத்தைச் சட்டம் வந்தாச்சு. ஒழுங்கா இருக்கேன்னு மூணு வருசத்துக்கு மிஞ்சாம பத்திரம் எழுதிக் குடுத்துட்டு, வெளியில இருக்கலாம். அதைக் கேட்டு எத்தனை மனுப் போட்டன்னு நான் கேக்கல, உம் மாமியா பக்கத்துல நிக்குறா.

2024 சூலை 1லேருந்து புதுக் குத்தச் சட்டத்துல சமூக சேவைன்னு ஒரு தண்டனை வேற. திருட்டுச் சொத்து 5,000 ரூவாக்குக் கொறைச்சலா இருந்து, மொதத் தடவையா மாட்டி, பொருளைத் திருப்பிக் குடுத்துட்டா அதுதான் தண்டனை. உன் கச்சிக்காரன்கிட்ட வெவரமா சொல்லி வையி. 2024-25ல சாதா நெல்லுக்கு ஆதார வெலை குவிண்டால் 2,300. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் அஞ்சு தூக்குனா 4,600. தப்பிச்சான். ஆறாவதைத் தொட்டா 5,520, செயிலுக்கே போவ வேண்டி வரலாம். அதுவும் களத்து மேட்டுல எடுத்தாத்தான். வீட்டுக்குள்ள பூந்து எடுத்தா வேற பிரிவு, ஏழு வருசம் வரைக்கும் போவும். ஆடிக் காத்துல நெல்லு வெலை ஏறுனா சட்டமும் கூட ஏறுமான்னு ஒருத்தனும் எழுதல.

என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாரு மேப்பார்வைன்னும் சட்டம் வாயத் தொறக்கல. கூலி கெடையாதுங்குறத மட்டும் மறக்காம எழுதிட்டாங்க! அந்த எடத்துல மல்லுக்கட்டு, மருமவனே. குடிமராமத்துன்னு ஊரே எறங்கி வாய்க்கா வெட்டுன சீமை இது. நாலு மணி நேரம், ஒரு மம்பட்டி, இன்ன வாய்க்கான்னு தீர்ப்புலயே எழுதச் சொல்லி மனுப் போடு. ஏழைக்கும் அது ஆவும், மிராசுக்கும் ஆவும், போலீசு செலவும் மிச்சம்.

விசாரணையை மட்டும் இழுத்தடிக்காம மே மாசத்துக்குள்ள முடிச்சுடு. மேட்டூரு அணை வழக்கமா தொறக்குற நாளு சூன் 12. தண்ணி வந்தப்பறம் தூரு வார முடியாது.