முழங்கால் என்ன வாயா?

கே: நடந்தால்தான் மூட்டு ஜவ்வுக்குச் சாப்பாடு போகுமாம். முழங்கால் என்ன வாயா, அடிக்கொரு தடவை மெல்ல?

ப: நடக்கச் சொன்னது முழுக்கச் சரி, சொன்ன காரணம் பாதிதான் சரி. நீங்கள் ஜவ்வு என்று சொல்வது குருத்தெலும்பு. முழங்காலில் அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் ஒரு ரத்தக் குழாய்கூடக் கிடையாது. குளுக்கோசும் ஆக்சிஜனும் மூட்டின் உள்ளுறையான சவ்விலிருந்து மூட்டுத் திரவத்துக்கு வந்து, அங்கிருந்து ஊறித்தான் உள்ளே இறங்க வேண்டும். எடை விழும்போது பஞ்சு பிழியப்படுவதுபோல் கழிவு வெளியேறி, எடை விலகியதும் சத்து உள்ளே போகிறது என்பது பலரும் சொல்லும் விளக்கம். குருத்தெலும்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் நம்பவும் தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீர் நகர வேண்டிய இடுக்குகள் நானோமீட்டர் அளவுதான். ஓர் அடி வைக்கிற நேரத்தில், மேற்பரப்பை ஒட்டிய கொஞ்சம் நீரைத் தவிர மற்றது வெளியேற வழியில்லை. அப்படி வெளியேறாமல் நிற்பதால்தான் நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தைக் குருத்தெலும்பு தாங்குகிறது. 1990-இல் ஓஹாரா, அர்பன், மரூடாஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் குருத்தெலும்புத் துண்டுகளை விட்டுவிட்டு அழுத்திச் சோதித்தார்கள். யூரியா போன்ற சிறு மூலக்கூறுகளின் வேகம் மாறவில்லை. ஆல்புமின் என்ற பெரிய புரதம் மட்டும் வேகமாக நகர்ந்தது. குளுக்கோஸ் சிறிய ரகம். அது தானாகவே பரவிச் சேர்கிறது.

கே: அப்படியானால் சோபாவில் கிடந்தாலே போதுமே?

ப: போதாது. முழங்காலில் மூட்டுத் திரவமே சில மில்லிலிட்டர்தான். அசைவு அதைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் குருத்தெலும்பின் செல்களே அழுத்தத்தை உணர்கின்றன என்பது. அழுத்தி அப்படியே வைத்த துண்டுகளில் செல்கள், நீரைப் பிடித்து வைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பொருளின் உற்பத்தியைக் குறைக்கின்றன. விட்டுவிட்டு அழுத்தினால் கூட்டுகின்றன. தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களுக்கு முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோகிறது. சத்துக் குறைவு ஒன்றைக் கொண்டு மட்டும் இதை விளக்கிவிட முடியாது என்பது என் எண்ணம். டொரண்டோவில் எலும்பு அறுவை மருத்துவர் ராபர்ட் சால்ட்டர் முயல்களின் மூட்டுக் குருத்தெலும்பில் துளையிட்டார். 1980-இல் வெளியான அந்த ஆய்வில், பிளாஸ்டர் போட்டு அசையாமல் வைத்த கால்களைவிட, இயந்திரம் இடைவிடாமல் மடக்கி நீட்டிய கால்களில் துளைகள் எவ்வளவோ நன்றாக ஆறின. அந்தக் கால்கள் எடை சுமக்கவில்லை, அசைந்தன, அவ்வளவுதான்.

கே: நடந்து நடந்து தேய்ந்துபோனால்?

ப: 30 தடவை உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சில்லின் குருத்தெலும்பு சுமார் 6 சதவீதம் சுருங்குவது எம்.ஆர்.ஐ.யில் தெரிகிறது. ஒன்றரை மணி நேரம் போல ஆனால் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. தேய்மானம் வேறு விஷயம். பழைய அடி, வளைந்த கால், அதிக எடை எல்லாம் அதில் சேரும். மூட்டு வீங்கியிருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நடக்க வலித்தால் சைக்கிள் மிதிக்கலாம். பாரம் குறையும், மடக்கி நீட்டுவது நிற்காது.