நெம்மேலியும் நியான் டெட்ராவும்

சென்னையில் யாரிடமும் தண்ணீர் என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. எந்தத் தண்ணீர் என்று கேட்பார்கள். மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரி தண்ணீர், கேன் தண்ணீர். மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டில் பல் தேய்க்க ஒன்று, பருப்பு வேக ஒன்று, குடிக்க ஒன்று என்று குழாய்க்குக் குழாய் நியாயம் வேறு. விருந்தாளி வந்தால் நாற்காலியைக் காட்டுவதற்கு முன்னால், தொடக்கூடாத குழாயைக் காட்டுவோம். இப்பேர்ப்பட்ட ஊரில்தான், அமேசான் காட்டு ஓடையைப் பூர்வீகமாகக் கொண்ட நியான் டெட்ராவை வளர்க்கவேண்டும் என்றாள் என் மகள்.

நியான் டெட்ரா என்பது சுண்டுவிரலில் பாதி நீளம் வரும் மீன். உடம்பு நெடுக ஒரு நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. கூட்டமாகத்தான் இருக்கும், தனியே விட்டால் பயத்திலேயே வெளிறிவிடும். அதிர்ச்சி ஆகாது, வெயில் ஆகாது, உப்புத்தண்ணீர் ஆகாது. மொத்தத்தில் சென்னை ஆகாது.

மீன் என்றால் கொளத்தூர் போ என்றார்கள் எல்லோரும். மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கூவத்தைத் தாண்டினாலே வெளியூர். கொளத்தூர் என்றால் கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டிய தூரம். போய்ப் பார்த்தால் தெருத்தெருவாக மீன். நாடு முழுவதற்கும் அழகு மீன் அனுப்பும் ஊர் அது. அடுக்கடுக்காக பாட்டில்களில் ஃபைட்டர் மீன்கள், ஒன்று மற்றொன்றைப் பார்த்து விறைத்துக்கொண்டு. ஒரு கடையில் நியான் டெட்ரா கேட்டேன்.

"தொட்டி செட் பண்ணிட்டீங்களா சார்?"

"இன்னிக்கு வாங்கிட்டுப் போய்ப் பண்ணிடுவோம்."

"அப்ப மீனு இன்னிக்கு வேணாம் சார். மீன நான் தரேன், தண்ணிய நீங்க ரெடி பண்ணுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க."

கையில் காசோடு நிற்பவனைத் திருப்பி அனுப்பும் வியாபாரியை உஸ்மான் ரோட்டில் வலை வீசினாலும் பிடிக்க முடியாது. ஆனால் அவர் சொன்னதில் ரசாயனம் இருந்தது. மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. அது செவுளை அரிக்கும். புதுத் தொட்டியில் அதைத் தின்ன ஆளில்லை. ஒரு வகை பாக்டீரியா வந்து குடியேறி அம்மோனியாவை நைட்ரைட்டாக்கவேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாது. இன்னொரு வகை பாக்டீரியா வந்து அதை நைட்ரேட்டாக்கினால்தான் மீனுக்கு விமோசனம். இந்த இரண்டு கோஷ்டியும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் முழுதாகக் குடித்தனம் வைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு, அது அழுகி அம்மோனியாவாகி, பாக்டீரியாவுக்குப் பந்தி நடக்கவேண்டும்.

ஆக, ஹாலில் விளக்குப் போட்டு, குமிழி விட்டு, மீனே இல்லாத ஒரு தொட்டி. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், பக்கவாட்டில் பார்த்தார்கள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"என்ன வளக்கறே?" என்றார் மாடி வீட்டு மாமா.

"பாக்டீரியா, மாமா."

"அதுக்கு எதுக்குடா செலவு? எங்க சம்ப்ல இல்லாததா? ஒரு பக்கெட் தரேன், எடுத்துக்கோ."

மாமா சரித்திரமும் தெரிந்தவர். நாட்டின் முதல் மீன் காட்சியகம் 1909-இல் மெரினாவில்தான் திறக்கப்பட்டது, எழும்பூர் மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் அதற்குக் காரணகர்த்தா, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள் என்பதையெல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தார். "வாசல்லயே வங்காள விரிகுடாவை வெச்சுண்டு அதுவே நிலைக்கலை. நீ மெட்ரோ தண்ணில ஆரம்பிக்கறே!"

கொசு ஒழிப்புக்கு வந்த மாநகராட்சி ஊழியருக்கு வேறு கவலை. சம்ப் மூடி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் தொட்டிக்கு வந்து நின்றார்.

"இன்னா சார், இவ்ளோ தண்ணிய மீன் இல்லாம தேக்கி வெச்சிக்கிறீங்க? நம்மகிட்ட கம்பூசியா கீது. ஃப்ரீதான். ரெண்டு வுடட்டா?"

கம்பூசியா 1928-இல் கொசுப்புழு தின்பதற்கென்றே இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்ட மீன். கிணற்றில் விடலாம், குட்டையில் விடலாம், சாகாது. அதைத் தொட்டியில் விட்டிருந்தால் அன்றோடு என் கஷ்டம் தீர்ந்திருக்கும். ஆனால் அது நாளைக்கு வரப்போகும் டெட்ராக்களின் துடுப்பைக் கடிக்கும். அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதை வேண்டாம் என்ற முதல் ஆளை அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

தி.நகரிலிருந்து என் மச்சான் வந்தார். அவர் வீட்டில் ஈசான மூலையில் அரோவானா இருக்கிறது. வாஸ்து மீன். அரோவானா செத்தால் வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று பொருள். இதைவிடச் சௌகரியமான சித்தாந்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அம்மோனியா ஏறிச் செத்தது என்றால் யாராவது பதில் சொல்லவேண்டும். கண்டம் கழிந்தது என்றால் விற்றவர் மேல் தப்பில்லை, வளர்த்தவர் மேல் தப்பில்லை, மீன் தியாகி. அடுத்த மீனை நிறைந்த மனதோடு வாங்கலாம். மச்சான் அப்படிப் பலமுறை வாங்கியிருக்கிறார். "அண்ணா, உனக்கு மட்டும் இத்தனை கண்டம் எங்கேர்ந்து வருது?" என்று என் மனைவியே ஒருநாள் கேட்டுவிட்டாள்.

அம்மோனியாவுக்கு ஏற்பாடு ஆயிற்று, இனி உப்பு. ஆர்.ஓ. மெக்கானிக் சர்வீசுக்கு வந்தபோது அவருடைய டி.டி.எஸ். மீட்டரைப் போர் தண்ணீரில் விடச் சொன்னேன். எண் ஏறிக்கொண்டே போனது. "ஆயிரத்த தாண்டுது சார், இது மீனுக்கா?" என்றார், கருவாடாகவே வாங்கியிருக்கலாமே என்ற குரலில். டெட்ராவின் பூர்வீக ஓடைகளில் அந்த எண் நூறுகூடத் தேறாது.

மெட்ரோ தண்ணீர் தேவலை. ஆனால் குழாயில் இன்று வருவது செம்பரம்பாக்கமா, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வரும் வீராணமா, நெம்மேலியில் 2013-இலிருந்து உப்பு நீக்கி அனுப்பும் கடலா, எல்லாம் சேர்ந்த கதம்பமா என்பது குழாய்க்கே தெரியாது. 2024-இல் அங்கே நாளுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலையும் திறந்தாகிவிட்டது. எங்கிருந்து வந்தாலும் குளோரின் நிச்சயம். நமக்கு அது காவல். மீனின் செவுளுக்கும் நாம் பாடுபட்டு வளர்த்த பாக்டீரியாவுக்கும் எமன். அதனால் பக்கெட்டில் பிடித்துக் காற்றுக்குழாய் போட்டு ஒரு ராத்திரி வைக்கவேண்டும், அல்லது சோடியம் தயோசல்ஃபேட் போடவேண்டும். அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று படம் கழுவ வைத்திருந்த அதே உப்புதான். ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றலாமா என்றால், அதில் தாது ரொம்பக் குறைவு, பி.எச். ஒரு நிலையில் நிற்காமல் ஊசலாடும். கலந்துதான் ஊற்றவேண்டும்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. பண்ணையில் பிறந்த டெட்ரா அமேசான் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. கொஞ்சம் கடினமான தண்ணீரும் பழகிவிடும். அது கேட்பதெல்லாம் மாறாத தண்ணீர். சென்னையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதைப் போய்க் கேட்கலாமா?

ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் பக்கெட்டுகளை வரிசையாக வைத்தேன். மழைத்தண்ணீர் மென்மையானது, முதல் மழையை ஊரைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்தால் டெட்ராவுக்குப் பாதி அமேசான் வந்த மாதிரி. 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோதுகூட இத்தனை சிரத்தையாக யாரும் சேகரித்ததில்லை என்று அசோசியேஷன் செயலாளர் மெச்சினார். மீனுக்கு என்று தெரிந்ததும் மெச்சியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மீன்கள் வந்தன. பாலிதீன் பையை அப்படியே தொட்டியில் கால் மணி மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாகப் பைக்குள் ஊற்றி, மாப்பிள்ளை வீட்டாரை மண்டப வாசலிலேயே நிறுத்திச் சந்தனம், கற்கண்டு, பன்னீர் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து உள்ளே அழைக்கிற நிதானத்தில் இறக்கினோம். பையிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. எந்தக் கடை வியாதி அதில் இருக்கிறதோ.

அடுத்த அபாயம் என் அம்மா. கபாலீஸ்வரர் கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டே பழகிய கை. ஒரு ஜீவன் கண்ணெதிரே வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்றுதான் அர்த்தம் அவளுக்கு. அது மூச்சு விடுகிறது என்றால் ஒப்புக்கொள்ளமாட்டாள். டெட்ராவின் வயிறு அதன் கண்ணளவுதான் இருக்கும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போட்டால் போதும். மிச்சம் அழுகினால் மறுபடி அம்மோனியா. எல்லாம் விளக்கினேன். மறுநாள் காலை தொட்டிக்கடியில் இட்லி கிடந்தது.

"வாரத்துல ஒரு நாள் பட்டினி போட்டா மீனுக்கு ரொம்ப நல்லதும்மா. வயிறு சுத்தமாகும்."

"பட்டினியா? பச்சைப்புள்ளைக்கா?"

அப்போதுதான் என் மனைவி குறுக்கிட்டாள். "அம்மா, நீங்க ஏகாதசி இருக்கேளே, அதே மாதிரிதான்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. பட்டினி என்றால் பாவம். உபவாசம் என்றால் புண்ணியம். அன்றிலிருந்து பஞ்சாங்கம் அவள் பொறுப்பு. ஏகாதசியன்று தொட்டிப் பக்கம் தானும் போகமாட்டாள், யாரையும் விடமாட்டாள். துவாதசி காலையில் பாரணைக்கு மட்டும் தீவனம் அளவாக விழும். எந்த மீன் மருத்துவரும் இப்படி ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்திருக்க முடியாது.

கத்திரி வந்தது. டெட்ராவுக்கு 22-இலிருந்து 26 டிகிரி வரை சுகம்; சித்திரையில் எங்கள் ஹால் தண்ணீர் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் விஷம் கூடும். இந்த லட்சணத்தில் தொட்டியோடு ஹீட்டரும் கொடுத்திருந்தார்கள்! வழி என்னவென்றால் டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல் திருப்பி வைப்பது. ஆவியாகும்போது 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றவேண்டும். ஆக மே மாதம் முழுக்க மீன்கள் ஆர்.ஓ. தண்ணீரில் ஃபேன் காற்று வாங்க, குடும்பத் தலைவன் போர் தண்ணீரில் குளித்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெயிலுக்கு அஞ்சும் மீன்கள் நம் பக்கத்திலும் உண்டு. மிஸ் கேரளா என்று செல்லமாகச் சொல்லப்படும் மீன் மேற்குத்தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது. மதராஸ் ராணுவ மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1865-இல் அதை விவரித்து, அப்போதைய மதராஸ் கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். பொருத்தமான பெயர்தான். கவர்னர்களும் மெட்ராஸ் வெயில் தாங்காமல் ஊட்டிக்கு ஓடியவர்கள்.

அதே தென்னமெரிக்காவிலிருந்து வந்தாலும் சக்கர் மீனின் ஜாதகம் வேறு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் என்பதால் டேங்க் கிளீனர் என்று விற்கிறார்கள். விரல் நீளத்தில் வரும், ஒரு அடியையும் தாண்டி வளரும். அடையாற்றில் என் நண்பன் வீட்டில் ஒன்று இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் அவன் தரைத்தளத்துக்குள் புகுந்தபோது தொட்டி கவிழ்ந்து மற்ற மீன்கள் ஆற்றோடு போயின. தண்ணீர் வடிந்து, இவன் திரும்பிவந்து சோபாவை நகர்த்தினால், அடியில் சேற்றுக் குட்டையில் சக்கர், சேதாரமில்லாமல், 'இவ்வளவு நேரம் எங்கே போனாய்' என்கிற பார்வையோடு. தண்ணீருக்கு வெளியேகூட மணிக்கணக்கில் தாங்கும் ஜந்து அது. வளர்க்க முடியாதவர்கள் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட, இன்றைக்குச் சென்னை நீர்நிலைகளில் அது ரேஷன் கார்டு வாங்காத குறையாகக் குடியிருந்துகொண்டு, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து, வலைகளையும் கிழிக்கிறது. நண்பனிடம் ஏரிப் பக்கமே போகாதே என்று சொல்லி, பெரிய தொட்டி வாங்க வைத்தேன்.

எங்கள் தொட்டிக்கு வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றவேண்டும். பாக்டீரியா வேலைசெய்து சேர்த்த நைட்ரேட் அப்போதுதான் வெளியேறும். 2019 கோடையில் லாரிக்காக ராத்திரியெல்லாம் விழித்திருந்த கட்டிடம் இது. நான் பக்கெட்டோடு நடப்பதைப் பார்த்தாலே செயலாளருக்கு ரத்த அழுத்தம் ஏறும். "மனுஷாளுக்கே முறை வெச்சுத் திறக்கறோம். மீனுக்கு வாராவாரம் ஸ்நானமா?" என்று கூட்டத்தில் தீர்மானமே கொண்டுவரப் பார்த்தார்.

காப்பாற்றியது மாடி வீட்டு மாமா. அழுக்குத் தண்ணீரை வீணாக்குவானேன் என்று ஒரு பக்கெட் வாங்கிப்போய் மொட்டைமாடிக் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். நைட்ரேட் என்பது செடிக்கு உரம். வருஷக்கணக்காகக் குச்சியாய் நின்ற செடி இலையாய்க் கொட்டியது. கட்டிடத்தில் ரகசியம் தங்குமா? அடுத்த சனிக்கிழமை ரோஜாவுக்கு ஒருவர், துளசிக்கு ஒருவர். இப்போது சனிக்கிழமை காலை எங்கள் வாசலில் குடங்கள் வரிசை கட்டுகின்றன. யார் குடம் முதலில் வந்தது என்று சண்டைகூட வந்தாயிற்று.

போன வாரம் செயலாளரே இரண்டு பக்கெட்டோடு வந்து நின்றார்.

"மல்லிக்கு சார். அரை பக்கெட்டுக்கு மேல தரமாட்டேங்கறீங்களே? இன்னும் பத்து மீன் வாங்கிப் போடக்கூடாதா?"

"மீன் கூடினா என்ன பிரயோஜனம்?" என்றார் வரிசையில் முன்னால் நின்ற மாமா. "இவன் அம்மா நேத்திக்கு ஏகாதசி வெச்சுட்டா. இந்த வாரம் தண்ணில சத்தே இருக்காது, பாருங்கோ."