நீலிக் கண்ணீர்: வீட்டுத் தையலில் சாயம் இறங்குவது குறித்து ஒரு பழையனூர் ஆய்வு

வெள்ளைப் பாவாடைக்குச் சிவப்புக் கரை வைத்து வீட்டிலேயே தைக்கிறார்கள். முதல் சலவையில் பாவாடை முழுக்க ரோஜா நிறமாகிவிடுகிறது. உடனே வீட்டில் இரண்டு குரல்கள் எழும். 'சாயம் போயிடுச்சு' என்று ஒன்று வருந்தும். 'சாயம் ஒட்டிக்கிச்சு' என்று மற்றது பல்லைக் கடிக்கும். கரையை இழந்தவரின் துக்கமும் பாவாடையை இழந்தவரின் கோபமும் ஒரே வாளியிலிருந்து பிறந்தவை. சாயம் எங்கேயும் போய்விடவில்லை, வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை வீடுகளில் இத்தனை பாவாடைகளைப் பாழாக்கிய ஒரு நிகழ்ச்சியைத் தமிழ் ஆய்வுலகம் கொடிக்கயிற்றிலேயே தொங்கவிட்டுவிட்டது. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. இதன் கருதுகோள் ஒன்றுதான்: புதுத்துணி முதல் நனைப்பில் விடும் வண்ண நீர் நீலிக் கண்ணீர். அதைக் கண்டு மனம் இளகினாலும் ஏமாற்றம், பயந்தாலும் ஏமாற்றம். அழுது முடிக்கும்வரை காத்திருப்பதுதான் வழி. இந்த உண்மை திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் எப்போதோ கண்டறியப்பட்டு, தவறான துறையில், அதாவது பேய்க்கதைகளின் கீழ், பதிவாகிவிட்டது.

கதையை அறியாதவர்கள் குறைவு. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட நீலி, வணிகனாகப் பிறந்த அவனைப் பேயுருவில் துரத்துகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர்கள் முன் நின்று, 'என் கணவர் என்னை ஏற்க மறுக்கிறார்' என்று அழுகிறாள். வணிகன் கையில் அவனைக் காக்கும் கத்தி இருக்கிறது. அதை வாங்கிவிடுங்கள் என்கிறாள். வேளாளர் எழுபது பேரும் அவள் கண்ணீரை நம்பி, 'உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று வணிகனிடம் வாக்குக் கொடுத்துக் கத்தியை வாங்குகிறார்கள். விடிவதற்குள் வணிகன் உயிரோடு இல்லை. கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள். பொய்யழுகைக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் இங்கிருந்து வந்தது என்பதே பரவலான வழக்கு. இதுவரை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் சித்த மருத்துவத்தில் நீலி என்பது அவுரிச் செடிக்கும் பெயர். அவுரியிலிருந்து எடுப்பதுதான் நீலச்சாயம். வடமொழியிலும் அச்செடி நீலியே. இடுப்பில் குழந்தையோடு வந்து, நம்பும்படி அழுது, நம்பியவர்களை நட்டாற்றில் விட்ட ஒருத்திக்குச் சாயச்செடியின் பெயர் தற்செயலாக அமைந்தது என்று சொல்வோர் சொல்லட்டும். தற்செயலை ஒப்புக்கொண்டால் பாதி ஆய்வேடுகள் எழுதப்பட்டிருக்கவே மாட்டா.

வேதியியலார் இங்கே குறுக்கிடுவார்கள். நீலச்சாயம் தண்ணீரில் கரையாத பொருள், கரையாதது எப்படிக் கண்ணீர் வடிக்கும் என்பார்கள். நியாயமான தடை, கருதுகோளுக்கு வலுவூட்டுவதும் இதுவே. அவுரித் தொட்டியில் காற்றுப் படாத நிலையில்தான் சாயம் கரைந்திருக்கும். அப்போது அதன் நிறம் மஞ்சளும் பச்சையும் கலந்தது. துணியை வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் நூலுக்குள்ளேயே நீலமாகிக் கரையாமல் உறைந்துவிடும். பஞ்சதந்திரத்தில் நீலித் தொட்டியில் விழுந்த நரி சண்டரவனை எடுத்துக்கொள்வோம். மழை பெய்து நரியின் சாயம் வெளுத்ததாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மூலக்கதையிலோ அது மாட்டிக்கொண்டது ஊளையிட்டதால். பஞ்சதந்திரக்காரருக்குச் சாயத்தொழில் தெரிந்திருக்கிறது, கதை சொல்லும் நமக்குத்தான் தெரியவில்லை. அப்படியானால் புது நீலத்துணி ஏன் தண்ணீரை நீலமாக்குகிறது? நூலுக்குள் இடம் கிடைக்காமல் மேலே ஒட்டிக்கொண்டிருந்த துகள்கள் உதிர்கின்றன. உள்ளே இருப்பது அசையவில்லை, வெளியே இருப்பது மட்டும் ஓலமிடுகிறது. பொய்யழுகைக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் அகராதியில்கூடக் கிடையாது.

செயற்கைச் சாயங்களிலும் கதை இதேதான், பாத்திரங்களின் பெயர்தான் வேறு. 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த புரோசியான் வகைச் சாயங்கள் பருத்தியோடு வேதிப்பிணைப்பே செய்துகொள்கின்றன. சலவைச் சோடா போட்ட காரநீர் அந்தக் கல்யாணத்துக்குப் புரோகிதர். ஆனால் சாயத்தில் ஒரு பகுதி, நூலைக் கைப்பிடிப்பதற்குள் தண்ணீரையே கைப்பிடித்துவிடும். அந்தப் பகுதி இனி எந்த நூலுக்கும் வாழ்க்கைப்படாது. ஆனாலும் பந்தியை விட்டு எழாமல் துணிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைக் கொதிநிலைக்குக் கிட்டத்தட்டச் சூடேறிய நீரில், கொஞ்சம் சோப்போடு, மீண்டும் மீண்டும் அலசித்தான் வெளியேற்ற வேண்டும். பச்சைத்தண்ணீரில் ஒருமுறை முக்கிவிட்டு 'ஃபாஸ்ட் கலர்' என்று சீட்டு ஒட்டி விற்கும் துணியில் அந்த ஒட்டுச்சீட்டுதான் கள்ளிக்கட்டைக் குழந்தை. விலை மலிந்த நேரடிச் சாயங்களின் நிலை இன்னும் மோசம். அவற்றுக்கும் நூலுக்கும் இடையே உறுதியான பிணைப்பு ஏதும் இல்லை, அண்டி இருப்பது மட்டுமே. அவை விடுவது பொய்க்கண்ணீர் அல்ல, மெய்யான பிரிவாற்றாமை. இரண்டையும் பிரித்தறியாததுதான் வீட்டுத் தையலின் மூலப்பிழை.

இனி உப்புக் கட்சியினரைச் சந்திக்கலாம். ஒரு கைப்பிடி கல் உப்பில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்பது தெருவுக்குத் தெரு நிலைத்த சித்தாந்தம். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது. சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. தண்ணீரில் மிதக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடும். ஏற்கெனவே சாயம் ஏறிய துணியை உப்புநீரில் போட்டாலும், உப்பு இருக்கும்வரை சாயம் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். நல்ல தண்ணீருக்கு மாற்றியதும் பழைய குருடி கதவைத் திறடி. வாத்தியார் வகுப்பில் இருக்கும்வரை நிலவும் அமைதி இது. வினிகரோ பட்டு, கம்பளிச் சாயங்களின் தொட்டியில் வேலை செய்வது. பருத்திப் பாவாடைக்கு அதை ஊற்றினால் பாவாடை ஊறுகாய் வாசம் வீசும், வேறு பலன் இல்லை. உப்புக் கட்சியினரின் மனம் நோகாமலிருக்க ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணீரும் உப்புநீர்தான். நீலியின் கண்ணீரில் உப்பும் நீலமும் சேர்ந்தே இருந்தன என்பதால், உப்பு வைத்தியம் பழையனூர் மரபின் சிதைந்த எச்சமாக இருக்கலாம்.

படிகாரத்தை முன்னிறுத்துவோர் சற்று உயர்ந்த தட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாட்சி, ஆந்திர எல்லைக்கு அப்பால் பக்கத்திலேயே, திருக்காளத்தியில் இருக்கிறது. அங்கே கலம்காரி எழுதுவோர் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்துக்குப் பிடிமானம் தருகிறது. பாலின் கொழுப்பு கோடு பரவாமல் காக்கிறது. படிகாரம் தீட்டிய இடத்தில் சிவப்பு ஏறும், ஏறிய சிவப்பு இறங்காது. தமிழ்க் கடற்கரையில் இம்பூறல் என்னும் சாயவேரும் படிகாரமும் சேர்ந்து தந்த சிவப்பைத் தேடியும் ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தன. ஆனால் கவனிக்க வேண்டியது, இங்கே எல்லா வைத்தியமும் சாயத்துக்கு முன்னால் நடக்கிறது. கடையில் வாங்கிய துணி சாயம் விட்டபின் படிகாரம் தேடுவது, எழுபது பேரும் தீப்பாய்ந்தபின் நீலியின் ஊர் எது என்று விசாரிப்பதற்குச் சமம்.

இன்னொரு தடை வணிகர் தரப்பிலிருந்து வரும்: சாயம் போவதைக் குறையென்று யார் சொன்னது? இதற்குச் சென்னையின் பழைய பெயரே சாட்சி. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து கஜம் ஒரு டாலர் விலையில் பத்தாயிரம் கஜம் 'மெட்ராஸ்' கட்டம்போட்ட துணி வாங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை புரூக்ஸ் பிரதர்ஸ் கடையின் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சலவை இயந்திரங்களில் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, வழக்கு என்ற பேச்சுவரை போனது. பிறகு விளம்பரக்காரர்கள் வந்து, சாயம் போவதற்கே உத்தரவாதம் தருகிறோம் என்று அறிவித்தார்கள். துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் அற்புதத் துணி என்று அதே சரக்கு ஓடி விற்றது. பொய்யழுகையை முன்கூட்டியே விளம்பரப்படுத்திவிட்டால் அதன்பின் அது பொய் அல்ல என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. இதே தந்திரத்தை நாமும் அறியாமல் செய்கிறோம். மருமகனின் சட்டையிலிருந்து நீலம் வேட்டிக்கு ஏறினால் குடும்பத் தகராறு, சீசாவிலிருந்து சொட்டு நீலமாக ஏறினால் தூய வெண்மை.

நம் ஊர் ஜவுளிக்கடைகள் அமெரிக்க வழியில் போகவில்லை. ரசீதின் அடியில் கலருக்கும் ஜரிகைக்கும் கேரண்டி இல்லை என்று அச்சிட்டுவிடுகிறார்கள். இதை வியாபாரத் தந்திரமென்று குறைகூறுவோர் பழையனூரை மறந்தவர்கள். நீலி விஷயத்தில் உத்தரவாதம் கொடுத்த எழுபது பேருக்கு என்ன நடந்தது என்று தெரிந்த நாட்டில், எந்தக் கடைக்காரர் எழுபத்தோராவது ஆளாக முன்வருவார்? வண்ணம் பற்றிய ஆய்வு, நடராசரின் ஆடல் சபைகளுள் சித்திர சபையான குற்றாலத்துக்கல்லவா உரியது, ரத்தின சபையான திருவாலங்காட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் ஒரு வரியில் பதிலுண்டு. சுவரோவியத்தை யாரும் சோப்புப் போட்டுத் துவைப்பதில்லை. மஞ்சளில் நனைத்த காவடி வேட்டியோடு ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி படியேறுபவரிடம் வேண்டுமானால் கேட்கலாம். சோப்புப் பட்டதும் அந்த மஞ்சள் சிவக்கும், வெயிலில் வெளுக்கும். அவர் எந்தக் கடைமீதும் புகார் சொல்வதில்லை.

ஆகவே செய்முறை கதையிலேயே இருக்கிறது. துணியை வெட்டுவதற்கு முன் நனைக்க வேண்டும். கரைத்துணி, லைனிங், பைப்பிங்குக்கான துண்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வாளியில் போட வேண்டும். பருத்தியென்றால் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். தண்ணீரை மாற்றிக்கொண்டே வர, ஒவ்வொரு வாளியிலும் நிறம் குறைந்தால் அது நீலிதான், அழுது ஓயட்டும். நான்காம் ஐந்தாம் வாளியிலும் அதே நிறம் என்றால் அது பிரிவாற்றாமை. சாயக்கடையில் ஃபிக்ஸர் என்று கேட்டு வாங்கும் நீர்மத்தில் ஊறவைத்துப் பார்க்கலாம். எதிர்மின்னேற்றமுள்ள சாயத்தை அது நேர்மின்னேற்றத்தால் கட்டிப்போடும். அதற்கும் அடங்காத துணியைத் தனியாகவே தைத்து, தனியாகவே துவைக்க வேண்டும். வெள்ளையோடு சேர்க்கக் கூடாது. கடைசியாக, ஈரத்துணியின்மேல் பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்க வேண்டும். பழையனூரில் சாட்சி பூதேஸ்வரர் இருக்கிறார். தையல் மேசையில் சாட்சி இந்த வேட்டித் துண்டு. அதில் கறை விழவில்லையென்றால் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கலாம். பழையனூரார் செய்த பிழை, நீலி அழுதுகொண்டிருக்கும்போதே கத்தியைக் கீழே வைக்கச் சொன்னது; வீட்டுத் தையல்காரர் செய்யும் பிழை, அவள் அழுதுகொண்டிருக்கும்போதே அதைக் கையில் எடுப்பது.