காயில் கட்டும் கடையின் வலைத்தளம்: அபிப்பிராயவியலுக்கு ஒரு பாயிரம்

மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒருவர் தன் கடைக்குத் தானே வலைத்தளம் அமைத்து, "எப்படி இருக்குதுங்க?" என்று ஊரைக் கேட்கும் நிகழ்வை இலக்கண ஆசிரியர் எவரும் இதுவரை பொருட்படுத்தவில்லை. தொல்காப்பியத்தைக் கேட்டுச் சீர்தூக்க அதங்கோட்டாசான் இருந்தார். கோவை கணபதி வட்டாரத்துக் கடைக்காரருக்கு வாய்த்தது குடும்ப வாட்ஸ்அப் குழு. இரண்டும் அவைதான். எனினும் நுண்ணிய வேறுபாடுகள் உள.

முதற்கண் 'சூப்பர்' என்னும் கருத்தை ஆராய்வோம். கடைக்காரர் தம் பட்டறையைச் செல்பேசியில் படமெடுத்து, அளவைக் குறைக்காமல் அப்படியே முகப்பில் ஏற்றியிருக்கிறார். ஐந்தாறு எம்.பி. கனமுள்ள அப்படம் அங்குலம் அங்குலமாக இறங்கி, தரையில் கிடக்கும் செம்புக் கம்பிச் சுருள் கண்ணுக்குத் தெரியுமுன்னரே குழுவில் கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்துவிட்டன. காணாததைப் புகழ்தல் இயலாது. ஆகவே புகழப்பட்டது தளமன்று, கடைக்காரரே எனத் துணியலாம். 'சூப்பர் மாமா', 'சூப்பர்ண்ணா', 'கலக்கிட்ட மாப்ள' என முறை மட்டும் மாறுவது இதற்கு மேலும் ஒரு சான்று. முந்தின வாரம் நடந்த காதுகுத்துப் படத்துக்கும் இதே விரல்கள்தாம் உயர்ந்தன.

அடுத்து, தளத்தை உண்மையாகவே திறந்து பார்த்தோர். இவர்கள் சிலரே. அக்காவுக்குத் தம்பியின் போட்டோ இல்லாதது குறை. கணபதியில் கடையை வைத்துக்கொண்டு முகப்பில் பிள்ளையாரை விட்டது சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பெங்களூரில் ஐ.டி. வேலையிலிருக்கும் மைத்துனரோ, "மாமா, ஃபான்ட்ட மாத்துங்க, கலரும் கண்ணக் குத்துது" என்றார். மூவர் கூற்றும் பொய்யில்லை. ஆனால் மூவரில் ஒருவரிடமும் எரிந்துபோன மோட்டார் இல்லை. வரி வரியாகப் படித்தவர் உலகிலேயே ஒருவர்தான்: எதிர்வரிசைக் கடைக்காரர். அவர் கருத்தேதும் சொல்லவில்லை. மறுவாரம் தம் பலகையில் 'இலவச பிக்கப்' என்று எழுதிவிட்டார்.

நன்னூல் பாயிரம் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களை வகுக்கிறது. அவற்றை வலைத்தளத்துக்குப் பொருத்துவதில் தடையொன்றும் இல்லை. 'எங்களைப் பற்றி' என்னும் பக்கம் 1937இல் கோவையில் மோட்டார் உருவான வரலாற்றில் தொடங்கி, கடைக்கு வந்து சேர்வதற்குள் திரை தீர்ந்துவிடுகிறது. இது மற்றொன்று விரித்தல். தரமே தாரக மந்திரம் என்பது பக்கந்தோறும் வருவதால் கூறியது கூறல். 'எங்கள் சேவைகள்' என்பதை அழுத்தினால் 'விரைவில்' என்ற ஒற்றைச் சொல் வருகிறது. சென்று தேய்ந்து இறுதலுக்கு இதனினும் தூய எடுத்துக்காட்டை உரையாசிரியர்கள் கண்டிரார். மிகக் கொடியது குன்றக் கூறல். எத்தனை ஹெச்.பி. வரை கட்டுவார், சப்மெர்சிபிள் எடுப்பாரா, போரிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்க ஆள் அனுப்புவாரா, எத்தனை நாளில் கிடைக்கும் என்பன எங்குமே இல்லை. பயிர் காய்கிறவன் தேடுவது இவற்றைத்தான். விலை போடாததை மட்டும் குற்றமாகக் கொள்ளற்க. கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்பது இத்தொழிலில் சாக்கன்று, உண்மை.

இவற்றில் ஒன்றையேனும் அவையில் எவரும் சுட்டாதது ஏன்? கேட்ட முறை பிழை. வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு தளத்தின் பயன்பாட்டுக் குறைகளில் சுமார் 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று எழுதினார். அந்த ஐவரிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லி, அருகிலிருந்து பார்ப்பார்கள். நம்மவர்க்கு இது புதிதன்று. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர்கள் எழுதிய உரைகளுள் மெய்யுரை எதுவெனத் தேர, பேசாச் சிறுவன் உருத்திரசன்மனை இருத்தி வாசித்தார்கள் என அவ்வுரையின் வரலாறே கூறுகிறது. அவன் வாய் திறக்கவில்லை. கண்ணீரும் மயிர்க்கூச்சும் தீர்ப்புச் சொல்லின. கடைக்காரரும் தம் தொழிலில் இந்த மரபினரே. "நேத்துவரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்று மோட்டாரைக் கொண்டுவருபவர் சொல்வதை அவர் நம்புவதில்லை. மின்காப்பைச் சோதிக்கும் மெக்கரை வைத்துப் பார்த்தபின்பே பேசுவார். அத்தகையவர் வலைத்தளத்துக்கு மட்டும் வாய்மொழியை நம்பியது வியப்பே.

ஆகவே, ஊருக்கு வந்திருந்த மைத்துனர் யோசனைப்படி, சூலூர்ப் பக்கத்துப் பழைய வாடிக்கையாளரான விவசாயி ஒருவரிடம் செல்பேசியைக் கொடுத்து, "மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க, இதப் பாத்து எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லப்பட்டது. சங்கத்தில் கேட்டவன் ஊமை. இங்கோ கடைக்காரர் ஊமையாயிருத்தல் வேண்டும். அதுதான் நடக்கவில்லை. "கீழ தள்ளுங்க... இன்னுங் கொஞ்சம்... அந்த மூணு கோட்டத் தொடுங்க" என்று அவர் உரை நிகழ்த்திக்கொண்டேயிருந்தார். மைத்துனர் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துச் சென்றபின் சோதனை தொடர்ந்தது. பெரியவர் எண்ணைக் கண்டுபிடித்துத் தொட்டார். மீண்டும் தொட்டார். எண் படத்துக்குள் எழுதப்பட்டிருந்ததால் ஒன்றும் நிகழவில்லை. மேசைமேல் கிடந்த பில்லின் பின்புறத்தில் பத்து இலக்கங்களையும் குறித்துக்கொண்டு, தம் பட்டன் போனை எடுத்து அடித்தார். வாசலில் நின்ற கடைக்காரரின் போன் ஒலித்தது.

"பாத்தியா, கால் வந்துருச்சு!" என்றார் கடைக்காரர். எண் இன்னும் படத்துக்குள்தான் இருக்கிறது. மைத்துனர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்.